அடங்காத குதிரையை அடக்கிய தேசிங்கு ராஜா

சரவணம்பட்டியில் நீங்கள் எங்கே குதிரை பார்த்திருப்பீர்கள்? கோயில் திருவிழாவிலும் ரேக்ளா பந்தயத்திலும் பார்த்திருக்கலாம். அதன் முதுகில் ஏறிப் பறக்க ஆசைதானே? குதிரை என்றதுமே தமிழ்நாட்டில் எல்லாருக்கும் நினைவுக்கு வருபவர் தேசிங்கு ராஜா. அவருடைய கதையைக் கேளுங்கள்.

தேசிங்கின் இயற்பெயர் தேஜ்சிங். அப்பா பெயர் சொரூப்சிங். வடக்கே பந்தேல்கண்ட் பகுதியைச் சேர்ந்த ராஜபுத்திரர். 1698ல் மராட்டியரிடமிருந்து செஞ்சிக் கோட்டையை முகலாயர்கள் பிடித்தார்கள். பிறகு, பேரரசர் ஔரங்கசீப் காலத்தில் அந்தக் கோட்டையின் பொறுப்பு சொரூப்சிங்கிடம் வந்தது. இது வரலாறு.

இனி வருவது, கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்ட கதைப்பாடல் சொல்வது. டில்லி பாதுஷாவிடம் ஒரு முரட்டுக் குதிரை இருந்ததாம். அதை அடக்கும்படி ராஜாக்களுக்குச் சவால் விட்டார் பாதுஷா. தோற்றவர்களுக்குச் சிறை! தேசிங்கின் அப்பாவும் தோற்றுச் சிறைக்குப் போனார். இளம்பிள்ளை தேசிங்கு டில்லிக்குக் கிளம்பினார். ஒரு பக்கம் முரட்டுக் குதிரை, மறுபக்கம் அப்பாவின் விடுதலை. பயப்படாமல் ஏறினார், வென்றார்! அப்பா விடுதலையானார். பாராசாரி என்ற அந்தக் குதிரையும் தேசிங்குக்கே கிடைத்தது.

முரட்டுக் குதிரை எப்படி அடங்கும்? சாட்டையால் அல்ல. குதிரையின் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. தனக்கு நேர் பின்னால் நிற்பவரை அதனால் பார்க்க முடியாது. திடீரென்று பின்னால் போனால் பயந்து உதைத்துவிடும். அதனால் பழக்குபவர்கள் பக்கவாட்டில் மெதுவாக வருவார்கள். பேச்சுக் கொடுப்பார்கள், கையை முகர விடுவார்கள், கழுத்தைத் தடவுவார்கள். காதுகளைப் பின்னுக்குப் படுக்க வைத்தால் அதற்குக் கோபம் என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட வேண்டும். முதலில் கயிறு பிடித்து நடத்துவார்கள். பிறகு சேணம் கட்டுவார்கள். கடைசியில்தான் ஏறுவார்கள். இதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். பார்த்தீர்களா, முரட்டுத்தனம் என்று நாம் நினைப்பது பல நேரம் வெறும் பயம்தான்!

1714ல் சொரூப்சிங் இறந்தார். தேசிங்கு செஞ்சிக்கு ராஜாவானார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கப்பப் பாக்கியைக் கேட்டார். தேசிங்கு பணியவில்லை. போர் மூண்டது. நவாபின் படை மிகப் பெரியது, தேசிங்கின் படையோ சிறியது. அவருடைய உயிர் நண்பர் மகபத்கான், தன் கல்யாணத்தையே விட்டுவிட்டு நீலவேணி என்ற குதிரையில் ஓடி வந்தார் என்கிறது கதைப்பாடல். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். இருவருமே போர்க்களத்தில் உயிர் விட்டார்கள். அப்போது தேசிங்குக்கு வயது சுமார் 22தான். ராஜாவாக இருந்தது சில மாதங்களே. ஆனாலும் 300 ஆண்டுகள் தாண்டியும் மக்கள் அவரை மறக்கவில்லை. 1960ல் எம்.ஜி.ஆர். நடித்து 'ராஜா தேசிங்கு' என்ற படமே வந்தது.

செஞ்சிக் கோட்டைக்குப் போனால் ராஜகிரி மலை அடிவாரத்தில் குதிரை லாயத்தைப் பார்க்கலாம். 2025ல் இந்தக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றானது.

இன்னொரு சந்தோஷமான செய்தி! 2023ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், குதிரையேற்றத்தில் இந்தியா தங்கம் வென்றது. இந்த விளையாட்டில் நமக்கு 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம் அது! அங்கே பரிசு, குதிரையும் வீரரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதற்குத்தான்.

போட்டி நடப்பது சில நிமிடங்கள். ஆனால் வெற்றி, லாயத்தில் தினமும் தடவிக் கொடுத்து, தண்ணீர் காட்டிப் பழகிய நாட்களிலேயே தொடங்கிவிடுகிறது. உங்கள் வகுப்பில் யாராவது முரடன் என்று பெயர் வாங்கியிருக்கிறானா? நாளைக்கு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசிப் பாருங்களேன்!