கண்ணாடித் தகட்டில் கண்ட உண்மை

பாப் சோதனை என்று மருத்துவமனைகளில் வழங்கும் பெயருக்குள் ஒரு மனிதர் மறைந்திருக்கிறார். அவர் ஜார்ஜ் பாப்பனிகொலாவ். விலங்கியல் மாணவனாகிய எனக்கு அவர்மீது தனிப்பற்று உண்டு. அவரும் நுண்ணோக்கியும் கினிப் பன்றியுமாகத் தொடங்கியவர்தாமே!

1883-இல் கிரேக்க நாட்டின் கிமி என்னும் ஊரில் பிறந்தார். ஏதென்ஸில் மருத்துவம் கற்று, மூனிக்கில் விலங்கியலில் டாக்டர் பட்டம் பெற்றார். 1913-இல் மனைவி ஆண்ட்ரோமகியுடன் நியூயார்க்கில் வந்திறங்கியபோது இந்த டாக்டருக்குக் கிடைத்தது கம்பளம் விற்கும் வேலை. மனைவி பொத்தான் தைத்தார். பின்னரே கார்னெல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

கினிப் பன்றிகளில் கண்ட உயிரணு மாற்றங்களைப் பெண்களிடமும் காண விரும்பினார். அதற்காகப் பல்லாண்டுகள் தம் உடலிலிருந்தே மாதிரி தந்தவர் ஆண்ட்ரோமகி. சோதனைக்கு அவ்வம்மையார் பெயரையும் சேர்த்து இட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

கருப்பைவாய்ப் புற்றணுக்களைத் தடவல் மாதிரியிலேயே காணலாம் என்று 1928-இல் அறிவித்தார். மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. சளைக்காமல் உழைத்து, டிராட் என்ற மகளிர் மருத்துவருடன் 1941-இல் கட்டுரையும் 1943-இல் நூலும் வெளியிட்ட பிறகே அது செவிசாய்த்தது. 1962-இல் மறைந்தார், நோபெல் பரிசு கிட்டவில்லை.

அவர் உயிரணுவின் உருவத்தை நோக்கினார். இன்றைய ஆய்வாளர் அதனுள் இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் சிறு மூலக்கூறுகளை அளந்து, நோய் முற்றுமா, தணியுமா என முன்னறிய முயல்கின்றனர். அம்முறை இன்னும் அன்றாடச் சோதனையாக மருத்துவமனைக்கு வந்து சேரவில்லை.