பேயுருக் கொண்ட அன்னை

காரைக்கால் என்னும் கடற்றுறைப் பட்டினத்திலே, வணிகர் தலைவனாகிய தனதத்தன் தவமிருந்து பெற்ற மகளார் புனிதவதியார். நாகப்பட்டினத்து நிதிபதியின் மைந்தன் பரமதத்தனுக்கு அவரை மணம் முடித்த தந்தை, ஒரே மகளைப் பிரிய மனமின்றித் தம் இல்லத்தின் பக்கத்திலேயே மனை அமைத்து, பொருளும் ஈந்து இருவரையும் இருத்தினார். கணவனும் மனைவியும் அன்புற்று வாழ்ந்தனர் என்பதே சேக்கிழார் பெருமான் காட்டும் காட்சி.

மாங்கனியின் வரலாறு அன்பர் அனைவரும் அறிந்ததே. கணவன் அனுப்பிய கனி இரண்டில் ஒன்றைப் பசித்து வந்த சிவனடியாருக்கு அம்மையார் படைத்தார். மற்றொன்றை உண்ட கணவன் மீண்டும் கேட்கவே, இறைவனை நினைந்தார். கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை வேறாயிருந்தமையால் அவன் வினவினான். அம்மையார் மெய்யே உரைத்தார். ஐயுற்ற அவன் இன்னும் ஒன்று வருவிக்கச் சொன்னான். வந்த கனி அவன் கைக்கு வந்ததும் மறைந்தது. அன்றே அவ்வில்லறம் உள்ளூர முடிந்து போயிற்று. தெய்வமென்று கருதிய மனைவியை அவன் தொட அஞ்சினான். வாணிபம் என்று கலமேறினான், திரும்பவில்லை.

பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் வேறு மணம் புரிந்து, பிறந்த பெண்மகவுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். பரமதத்தனைப் பழிப்பார் உண்டு. அப்பெயரை எண்ணும்போது நமக்குப் பழிக்க நா எழுவதில்லை. மறக்க முடியாதவளை அவன் வேறு எவ்வாறுதான் வீட்டில் வைத்துக்கொள்வது? ஆயினும் காரைக்காலில் மனையறம் காத்துத் தனித்திருந்தவரின் நிலை எத்தகையது! அக்காலத்தின் அளவைப் புராணம் கணக்கிட்டுச் சொல்லவில்லை.

சுற்றத்தார் செய்தி அறிந்து, அம்மையாரைச் சிவிகையில் ஏற்றி அங்கே கொண்டு சென்றனர். பரமதத்தன் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் எதிர்வந்து அவருடைய அடிகளில் வீழ்ந்தான். கணவன் காலில் விழக் கண்ட அம்மையார் மான்போல் ஒதுங்கி நின்றார். அவன் எண்ணம் விளங்கிற்று. இவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதி இனி வேண்டா என்று இறைவனிடம் வேண்டி, என்பும் தோலுமான பேய்வடிவம் பெற்றார். அழகை இழந்தார் என்று எழுதுவது பொருந்தாது; உதறினார் என்பதே பொருந்தும்.

கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையாலே நடந்து ஏறியவரை இறைவன் அம்மை என்றழைத்தான். இறவாத அன்பும், மீண்டும் பிறவாமையும், பிறப்பு நேரின் மறவாமையும், ஆடும் திருவடியின்கீழ் இருத்தலும் அவர் கேட்ட வரங்கள். அவ்வாறே திருவாலங்காட்டில் அமர்ந்தார். அவர் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலும் சுடுகாடே அரங்கம். வெந்த பிணமும் நரியும் பேயும் அங்கே உண்டு; அருவருப்பு மட்டும் இல்லை. வளமனையில் வளர்ந்த வணிகர்குலப் பெண் பாடியது இது! தம்மைக் காரைக்காற் பேய் என்றே சொல்லிக்கொண்டார்.

அவர் தலையால் நடந்த தலமென்று, திருஞானசம்பந்தர் ஆலங்காட்டினுள் அடிவைக்கவே அஞ்சினார் என்பர். நம் ஆலயங்களில் 63 நாயன்மார் வரிசையில் ஏனையோர் நிற்க, அம்மையார் அமர்ந்திருக்கிறார். காரைக்காலிலோ ஆனித் திங்கள் மாங்கனித் திருவிழாவில், மாடங்களிலிருந்து அன்பர்கள் கனிகளை வாரி இறைக்கின்றனர். அவ்விழாவிலே பரமதத்தனுக்கும் புனிதவதியாருக்கும் ஆண்டுதோறும் திருக்கல்யாணமும் நடைபெறுகிறது.