சொல்லப்படாத அதிகாரம்

மாநில உரிமைக்காக ஓயாது வாதாடும் மண்ணில் பிறந்த நான், ஜான் மார்ஷலை நெடுங்காலம் ஐயத்தோடுதான் படித்துவந்தேன். அரசமைப்பில் வெளிப்படையாக எழுதப்படாத அதிகாரமும் மத்திய அரசுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தவர் அவர். அந்த முடிவின் வேரை அவருடைய இளமைக்காலத்தில்தான் கண்டுகொண்டேன்.

1755-இல் விர்ஜீனியாவின் எல்லைப்புறத்தில், பதினைந்து குழந்தைகளில் மூத்தவராகப் பிறந்தார் மார்ஷல். அமெரிக்க விடுதலைப் போரில் இளம் அதிகாரியாகச் சேர்ந்து, 1777-78 குளிர்காலத்தை வேலி ஃபோர்ஜ் பாசறையில் கழித்தார். உணவும் உடையும் போதாமல் வீரர்கள் வாடினர். நோயால் பலர் மடிந்தனர். படையைப் பேணவேண்டிய காங்கிரஸோ வரி விதிக்கும் அதிகாரமின்றி மாநிலங்களிடம் கையேந்தி நின்றது. அந்தக் கையறுநிலையை அவர் மறக்கவேயில்லை.

முறையாகச் சட்டம் பயின்றது மிகச் சில காலமே. எனினும் 1801-இல் தலைமை நீதிபதியாகி, 1835-இல் இறக்கும்வரை 34 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர் என்ற கறையும் அவர் வாழ்வில் உண்டு.

1819-இல் அந்தப் பெரும் வழக்கு வந்தது. காங்கிரஸ் நிறுவிய வங்கியின் பால்டிமோர் கிளைக்கு மேரிலாந்து மாநிலம் வரி விதித்தது. கிளையின் காசாளர் மெக்கல்லக் செலுத்த மறுத்தார். வங்கி தொடங்கும் அதிகாரம் அரசமைப்பில் எங்கே இருக்கிறது என்று மாநிலம் கேட்டது.

அப்படி ஒரு சொல் இல்லை என்பதை மார்ஷல் ஒப்புக்கொண்டார். ஆனால் வரி திரட்டவும் கடன் வாங்கவும் படை நடத்தவும் அதிகாரம் தந்துவிட்டு, அவற்றுக்குரிய கருவிகளை மறுக்க முடியாது என்றார். பழைய கூட்டமைப்பு உடன்படிக்கை, வெளிப்படையாகத் தரப்பட்டவை மட்டுமே மத்திக்கு உரியவை என்றது. புதிய அரசமைப்பின் பத்தாவது திருத்தத்தில் 'வெளிப்படையாக' என்ற சொல் இல்லை. அந்த விடுபடலை அவர் சுட்டிக்காட்டினார். வரி விதிக்கும் அதிகாரம் அழிக்கவும் வல்லது என்பதால் மாநிலத்தின் வரி செல்லாது என்றும் முடிவுசெய்தார்.

எதிர்ப்பு வலுத்தது. 1832-இல் அந்த வங்கியின் புதுப்பிப்பையே ஜனாதிபதி ஜாக்சன் தடுத்தார். ஆயினும் தீர்ப்பு நிலைத்தது.

என் ஐயம் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதே தீர்ப்பில் அவர் ஓர் எச்சரிக்கையும் விடுத்திருக்கிறார்: தனக்கு ஒப்படைக்கப்படாத நோக்கத்தை, தன் அதிகாரத்தைச் சாக்காக்கி மத்திய அரசு அடைய முயன்றால், அச்சட்டத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும். மார்ஷலைத் துணைக்கழைக்கும் அரசுகள் இந்தப் பகுதியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.