ஏட்டிலிருந்து ஆலைக்கு: சீன அறிஞர் ஜாங் ஜியென்

அறம், பொருள், இன்பம் என்று வரிசைப்படுத்திய நம் முன்னோர், பொருளை அறத்திற்கு அடுத்த இடத்தில் வைத்தனர். அறவழியில் வந்த பொருளே பொருள் என்பது அதன் உட்கருத்து. எனினும் அறநூல் கற்ற ஒருவர் பொருளீட்டும் தொழிலில் இறங்கினால், கற்றோர் உலகம் அவரைச் சற்றுக் குறைவாகவே மதிக்கிறது. பழஞ்சீனத்தில் இந்த எண்ணம் ஆழமாக வேரூன்றியிருந்தது. அறிஞர், உழவர், கைவினைஞர், வணிகர் என மக்களை நால்வகைப்படுத்தி, வணிகரைக் கடைசியில் நிறுத்தியது அச்சமுதாயம். அத்தகைய நாட்டில், பேரரசின் உயர்தேர்வில் முதலிடம் பெற்ற ஒருவர், கற்றோர்க்குரிய உயர்பதவியை விட்டு நூற்பாலை நிறுவ முன்வந்தார். அவரே ஜாங் ஜியென் (1853-1926). அவர் அடைந்த வெற்றியும் இறுதியில் கண்ட வீழ்ச்சியும் ஒருங்கே நாம் சிந்திக்கத் தக்கவை.

பிறப்பும் இளமையும்

யாங்சி ஆறு கடலோடு கலக்கும் பகுதியின் வடகரையில் ஹைமென் என்னும் வட்டாரம் உள்ளது. அங்கு ஓர் எளிய உழவர் குடும்பத்தில் 1853ஆம் ஆண்டு ஜாங் ஜியென் பிறந்தார். மகனைக் கற்றவனாக்க வேண்டும் என்பது தந்தையின் வேட்கை. ஆனால் முன்தலைமுறைகளில் யாரும் தேர்வில் வென்றிராத குடும்பத்துப் பிள்ளை தேர்வுக்குச் செல்வதில் பல இடையூறுகள் இருந்தன. ஆகவே அயலூரில் இருந்த மற்றொரு ஜாங் குடும்பத்தின் பிள்ளை என்று பதிவு செய்து, 1868இல் அவரைத் தேர்வெழுதச் செய்தனர். அவரும் வென்றார்.

பொய்ப் பதிவு விரைவில் தன் விலையைக் கேட்டது. பெயரை இரவல் தந்தவர்கள் உண்மையை வெளியிடுவதாக மிரட்டி மீண்டும் மீண்டும் பணம் பறித்தனர். குடும்பம் கடனில் மூழ்கியது. நல்லெண்ணம் கொண்ட அதிகாரிகள் சிலரின் உதவியால் 1873இல்தான் பதிவு திருத்தப்பட்டு, அவர் சொந்த ஊருக்கு உரியவரானார். பொய்யால் பெற்ற உயர்வு எத்துணைச் சுமையானது என்பதை இளமையிலேயே உணர்ந்தவர் அவர். பிற்காலத்தில் வணிகத்தில் சொல் தவறாமையை அவர் உயிரெனப் போற்றியதற்கு இவ்வனுபவமும் ஒரு காரணம் எனலாம்.

இருபத்தாறு ஆண்டுத் தேர்வுப் பயணம்

கன்பூசியஸ் மரபின் அறநூல்களே அக்காலத் தேர்வுகளின் பாடம். நன்மை எது, கடமை எது, ஆள்வோன் எவ்வாறு வாழ வேண்டும் என்பனவற்றை ஆராய்வதே கல்வியாகக் கருதப்பட்டது. குடும்ப வறுமையால் 1874 முதல் அதிகாரிகளின் எழுத்தராகப் பணியாற்றிக்கொண்டே ஜாங் பயின்றார். 1876இல் வூ சாங்சிங் என்னும் படைத்தலைவரிடம் சேர்ந்து, 1882இல் அவருடன் கொரியாவுக்கும் சென்றார். பின்னாளில் சீனக் குடியரசின் தலைவரான யுவான் ஷிகாய் அப்படையில் இளைஞராக இருந்தபோது, அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவரும் ஜாங்தான்.

1885இல் இரண்டாம் நிலைத் தேர்வில் வென்ற அவர், தலைநகரில் நடந்த உயர்தேர்வில் நான்கு முறை தோற்றார். மனம் தளர்ந்திருந்தவர், தந்தையின் விருப்பத்திற்கிணங்கி 1894இல் மீண்டும் எழுதினார். இம்முறை நாட்டிலேயே முதலிடம் அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 41. பேரரசின் தலைசிறந்த அறிஞர் அவையாகிய ஹான்லின் கழகத்தில் பதவியும் கிடைத்தது. முதல் வெற்றிக்கும் இவ்வெற்றிக்கும் இடையே 26 ஆண்டுகள் கழிந்திருந்தன.

திருப்பம்

அதே ஆண்டில் தந்தை மறைந்தார். மரபுப்படி பதவியை விட்டுத் துக்கம் காக்க ஊர் திரும்பினார் ஜாங். அவ்வேளையில் சீனா ஜப்பானிடம் போரில் தோற்றது. 1895இல் கையெழுத்தான ஷிமோனோசெகி உடன்படிக்கை, சீனத் துறைமுக நகரங்களில் அயல்நாட்டார் ஆலைகள் நிறுவ வழி திறந்துவிட்டது.

ஊரில் விளைந்த உயர்ந்த பருத்தி பிறர் ஆலைகளுக்குச் சென்று, நூலாக மீண்டும் ஊருக்கே விலைக்கு வருவதை அவர் கண்டார். உழவன் பசியோடிருக்கையில் அறநூலுக்கு உரை எழுதுவது எவ்வகையில் அறமாகும் என்ற வினா அவரை வாட்டியது. கல்வி நாட்டைக் காக்கும். அக்கல்வியைத் தொழில்தான் தாங்கும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஆளுநர் ஜாங் ஜிதோங், நான்டோங் பகுதியில் ஒரு நூற்பாலை தொடங்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். 1898இல் தலைநகரம் சென்றவர், சில மாதங்களிலேயே அரசவை வாழ்வை விட்டு ஊர் திரும்பினார்.

நாற்பத்து நான்கு மாதங்கள்

ஆலைக்கு அவர் சூட்டிய பெயர் தாஷெங். வானமும் நிலமும் செய்யும் பேரறம் உயிர்களை வாழ்விப்பதே என்னும் பழஞ்சீன நூற்கருத்திலிருந்து எடுக்கப்பட்ட பெயர் அது. மக்களுக்கு உணவும் உடையும் கிடைப்பதே அப்பேரறத்தின் முதற்படி என்பது அவர் கொண்ட பொருள்.

பெயர் வைப்பது எளிதாயிற்று. முதல் திரட்டுவது அரிதாயிற்று. ஷாங்காய் வணிகர் சிலர் பங்கு சேர்ப்பதாக ஒப்புக்கொண்டு பின்வாங்கினர். அரசு வாங்கி ஷாங்காயில் பயனின்றிக் கிடந்த இயந்திரங்களில் ஒரு பாதி, அதாவது 20,400 நூற்புக் கதிர்கள், 2,50,000 டேல் வெள்ளி மதிப்பில் அரசின் பங்காக வந்தன. ஆனால் அவற்றை இயக்கவும் பஞ்சு வாங்கவும் கையில் பணமில்லை. செல்வாக்குள்ளவர்கள் தந்த வாக்குறுதிகள் காற்றோடு போயின. நாட்டின் முதல் அறிஞர் என்று போற்றப்பட்டவர் செல்வர்களின் வாயிலில் காத்து நின்றார். ஷாங்காயில் தங்கிய நாட்களில், வழிச்செலவுக்குப் பணமின்றித் தம் எழுத்தோவியங்களை விற்றார். ஆனால் ஆலைக்கென வந்த பணத்தில் ஒரு காசையும் தம் செலவுக்கு அவர் தொடவில்லை. ஆலை உருவான 44 மாதங்களும் ஆசிரியப் பணியின் ஊதியமே அவருடைய குடும்பத்தைக் காத்தது.

1899ஆம் ஆண்டு மே மாதம் ஆலை இயங்கத் தொடங்கியது. கைம்முதல் தீர்ந்த நிலையில், துணிவணிகரும் நண்பருமான ஷென் சியேஜுன் துணைநின்றார். அன்றன்று நூற்ற நூலை விற்று அப்பணத்தில் பஞ்சு வாங்கி ஓட்டுவதென இருவரும் துணிந்தனர். நூல் விலை ஏறியது, ஆலை பிழைத்தது. சுற்றுவட்டாரக் கைத்தறியாளர்களே அந்நூலின் முதன்மை வாடிக்கையாளர்கள். அவர்கள் நெய்த துணி சீனத்தின் வடகிழக்குப் பகுதிவரை விற்பனையாயிற்று. இவ்வாறு ஆலையும் தறியும் ஒன்றையொன்று வாழ்வித்தன.

வெற்றிக்குப் பின் அவர் செய்த ஒரு செயல் குறிப்பிடத்தக்கது. தம்மைக் கைவிட்டவர்களையும் கவிழ்க்க நினைத்தவர்களையும் குறிப்பால் உணர்த்தும் நான்கு ஓவியங்களை வரையச் செய்து ஆலைக் கூடத்தில் மாட்டினார். உள்ளீடற்ற மரங்களும் நஞ்சு மறைந்த நீர்ப்பூண்டும் அவற்றில் இடம்பெற்றன. பழிதீர்க்கும் எண்ணம் அதில் அறவே இல்லை என்று சொல்ல இயலாது. எனினும் பின்வருவோர்க்கு அவை எச்சரிக்கையாக நின்றன.

ஆலை ஈன்ற கல்விக்கூடங்கள்

1901இல் கடலோர உவர்நிலத்தைத் திருத்தும் நிறுவனம் ஒன்றை அவர் தொடங்கினார். ஏறத்தாழ 20,000 ஏக்கர் நிலத்தைக் கரைகட்டி விளைநிலமாக்கும் முயற்சி அது. 1905இல் புயலும் கடல்நீரும் கரைகளை உடைத்தபோது மீண்டும் கட்டினார். எண்ணெய் ஆலை, மாவு ஆலை, இரும்புப் பட்டறை, நீராவிப் படகுப் போக்குவரத்து எனத் தொழில்கள் பெருகின.

வருவாய் கல்விக்குத் திரும்பியது. ஆசிரியரின்றிப் பள்ளியில்லை என்று கருதிய அவர், 1902இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவினார். சீனத்தில் தனியார் முயற்சியில் எழுந்த அவ்வகைப் பள்ளிகளுள் அதுவே முதலாவது. அடுத்த ஆண்டு அது திறக்கப்படுவதற்கு முந்தைய இரவில், மாணவர் அறைகளுக்குப் பெயர்ப்பலகைகளைத் தம் கையாலேயே அடித்தார் என்பர். அதே 1903ஆம் ஆண்டில் ஜப்பான் சென்று, ஒசாக்கா பொருட்காட்சியையும் பள்ளிகளையும் ஆலைகளையும் ஏறத்தாழ 70 நாட்கள் கண்டறிந்தார். தம் நாட்டை வென்றவரிடமும் கற்க அவர் நாணவில்லை. 1905இல் அவர் அமைத்த நான்டோங் அருங்காட்சியகம், சீனர் நிறுவிய முதல் அருங்காட்சியகம் எனப்படுகிறது. தம் அறுபதாம் பிறந்தநாளுக்கு வந்த பணத்தைக் கொண்டு முதியோர் இல்லம் அமைத்தார். 1916இல் பார்வையற்றோர்க்கும் செவித்திறன் இழந்தோர்க்கும் பள்ளி தொடங்கினார்.

1913இல் குடியரசின் வேளாண்மை, வணிகத் துறை அமைச்சரானார். தம் பழைய மாணாக்கர் யுவான் ஷிகாய் பேரரசராக முடிசூட முயன்றபோது, 1915இல் பதவியைத் துறந்து ஊர் திரும்பினார்.

வீழ்ச்சியும் பாடமும்

முதல் உலகப்போர்க் காலத்தில் அயல்நாட்டு நூல் வரவு குறைந்ததால் தாஷெங் பெரும் ஆதாயம் கண்டது. அந்த ஆதாயம் சேமிப்பாகத் தங்கவில்லை. ஆலைக்கு ஆதாயம் வந்தாலும் வராவிட்டாலும் பங்குதாரர்க்கு நிலையான வட்டி தரவேண்டும் என்பது அக்கால வழக்கம். எஞ்சிய பணம் உவர்நிலத் திட்டங்களுக்கும் பள்ளிகளுக்கும் அறநிலையங்களுக்கும் சென்றது. போருக்குப் பின் ஜப்பானிய ஆலைகளின் போட்டி மிகுந்தது. பஞ்சு விலை ஏறி, நூல் விலை இறங்கியது. 1922இல் தாஷெங் பெரும் நட்டத்தில் வீழ்ந்தது. 1925இல் கடன் கொடுத்த வங்கிகள் ஆலையின் நிர்வாகத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டன. முதுமையிலும் அறநிலையங்களில் இருந்தோர் பசியாற வேண்டும் என்று மீண்டும் எழுத்தோவியங்களை விற்றார் ஜாங். ஆலையின் தொடக்கத்தில் வழிச்செலவுக்கு உதவிய அதே தூரிகை, இறுதியில் ஆதரவற்றோர்க்குச் சோறிட்டது. 1926ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் தாம் வாழ்வித்த நான்டோங் நகரிலேயே அவர் மறைந்தார்.

அவர் தோற்றாரா? கணக்கேட்டைப் புரட்டுவோர் ஆம் என்பர். அவர் நிறுவிய கல்விக்கூடங்களின் வழியில் வந்த கல்லூரிகளும், நூறாண்டைக் கடந்து நிற்கும் அருங்காட்சியகமும் வேறு விடை தருகின்றன. எனினும் ஓர் உண்மையை நாம் மறைத்தல் ஆகாது. கொடுக்கும் கையின் வேகத்திற்கு ஈட்டும் கை ஈடுகொடுக்கவில்லை. அறத்தை நோக்கமாகக் கொண்ட தொழிலுக்கும் வரவு செலவுக் கட்டுப்பாடு வேண்டும். இல்லையேல் அத்தொழிலை நம்பி நிற்கும் அறமே நலிந்துவிடும். கடன் கொடுத்தோர் கதவைத் தட்டும் நாளில் பள்ளியும் சேர்ந்தே நடுங்கும்.

மாணவச் செல்வங்களே! இலக்கியமும் அறநூலும் பயின்றவர்க்குப் பதவி ஒன்றே புகலிடம் என்று எண்ண வேண்டுவதில்லை. கடையிலும் ஆலையிலும் கால்வைப்பது கற்ற கல்விக்கு இழுக்காகாது. கற்ற அறத்தைக் கடைவாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைவதே இழுக்கு. வணிகம் செய்து கல்விக்கு வழங்கும் பெரியோர்களும் ஜாங் ஜியெனின் வாழ்வில் தம் உள்ளத்தைக் காண்பர். அவர் தவறவிட்ட கணக்கையும் கருத்திற் கொள்வர். ஈட்டும் நேர்மையும் ஈயும் மனமும் காக்கும் கணக்கும் ஒருவரிடத்தே அமையுமாயின், அவர் ஏற்றிய விளக்கு அவருக்குப் பின்னும் அணையாது.