பணயம் வைத்த கவர்னர்

1754-ம் ஆண்டு, அக்டோபர் மாதம். புதுச்சேரிக் கடலில் ஒரு கப்பல் பாய் விரித்துப் புறப்பட்டது.

அதில் ஏறியவர் சாமானியர் அல்ல. பன்னிரண்டு ஆண்டுகள் புதுச்சேரியை ஆண்ட கவர்னர். ஆற்காட்டுக்கு நவாபைத் தேடிக் கொடுத்தவர். தட்சிணத்து சுபேதாருக்கே புதுச்சேரியில் பட்டம் சூட்டி வைத்தவர்!

அவ்வளவு பெரியவர் ஊர் திரும்பும்போது கையில் இருந்த பெரிய சொத்து, கணக்குப் புத்தகங்கள்தான். பிரெஞ்சுக் கம்பெனி அவருக்குத் தரவேண்டிய பாக்கி அந்தப் புத்தகங்களில் இருந்தது.

அவர்தான் டூப்ளே.

கப்பலில் பங்கு

பிரான்சு நாட்டின் வடக்கே லாந்திரசி என்ற ஊரில் 1697-ம் ஆண்டு டூப்ளே பிறந்தார். பதினெட்டு வயதில் தந்தை அவரைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். 1722-ல் புதுச்சேரிக்கு வந்து, கம்பெனியின் ஆலோசனைச் சபையில் உறுப்பினர் ஆனார். இடையில் சில ஆண்டுகள் வேலை போயிற்று. பிறகு திரும்பக் கிடைத்தது.

1731-ல் வங்காளத்தில் உள்ள சந்திரநாகூருக்குத் தலைவராகப் போனார். துறைமுகம் தூங்கி வழிந்துகொண்டிருந்தது. டூப்ளே அதைத் தட்டி எழுப்பினார். கம்பெனி வேலையோடு சொந்த வியாபாரமும் செய்தார். அந்தக் காலத்தில் அதற்கு அனுமதி உண்டு.

கடல் வியாபாரம் என்பது பாதி சூதாட்டம். புயல் அடித்தால் கப்பலும் போகும், முதலும் போகும். ஆகவே வியாபாரிகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவரே ஒரு கப்பல் முழுவதற்கும் பணம் போடுவது இல்லை. சூரத்துக்குப் போகும் கப்பலில் ஒரு பங்கு, பாஸ்ராவுக்குப் போவதில் ஒரு பங்கு, ஜெட்டாவுக்குப் போவதில் ஒரு பங்கு என்று பிரித்துப் போடுவார்கள். ஒன்று மூழ்கினாலும் மற்றவை கரை சேரும். வியாபாரி பிழைத்துக்கொள்வான்.

இந்த வியாபாரத்தில்தான் டூப்ளே செல்வம் சேர்த்தார். பத்து ஆண்டுகளில் பணக்காரர் ஆகிவிட்டார்.

1741-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் ழான், ஒரு நண்பரின் விதவை. பல பிள்ளைகளின் தாய். புதுச்சேரியில் பிறந்தவர். தமிழ் தெரிந்தவர். மறு ஆண்டே டூப்ளே கவர்னராகப் புதுச்சேரிக்கு வந்தார்.

செஞ்சிக் கோட்டை

முதலில் எல்லாமே ஜெயம்தான். 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். 1749-ல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் மாண்டார். டூப்ளேயின் ஆளான சந்தா சாகிப் நவாப் ஆனார்.

1750 செப்டம்பரில் நடந்ததுதான் பெரிய அதிசயம்.

திண்டிவனத்துக்கு மேற்கே இருக்கிறது செஞ்சி. மூன்று மலைகள், மூன்றையும் சுற்றி மதில். அவுரங்கசீப்பின் படை இந்தக் கோட்டையைப் பிடிக்க 1690 முதல் 1698 வரை எட்டு ஆண்டுகள் காத்துக் கிடந்தது. டூப்ளேயின் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்துவிட்டார்! விடிந்தபோது கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில்.

அந்த டிசம்பரில் செஞ்சிக்கு அருகே சுபேதார் நாசர் ஜங், கூட இருந்தவர்களாலேயே கொல்லப்பட்டார். புதிய சுபேதார் முசபர் ஜங், டூப்ளேக்கு விழுப்புரத்துக்குக் கிழக்கே உள்ள வழுதாவூர்க் கோட்டையை ஜாகீராக வழங்கினார்.

அன்றோடு நிறுத்தியிருந்தால்? நிறுத்தியிருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் ஜெயிக்கிறவன் எழுந்து போவது எங்கே நடக்கிறது?

திருச்சி மட்டும் பாக்கி இருந்தது. அங்கே முகமது அலி, ஆங்கிலேயர் துணையோடு உட்கார்ந்திருந்தார். அதையும் பிடித்துவிட டூப்ளே துணிந்தார்.

பணம் எங்கே?

போருக்குப் பணம் வேண்டும். சிப்பாய்க்குச் சம்பளம், குதிரைக்குத் தீனி, துப்பாக்கிக்கு மருந்து. கம்பெனி பிரான்சிலிருந்து அனுப்பிய வெள்ளி, துணி வாங்குவதற்காக வந்தது. போருக்கு அல்ல. பாரிசில் இருந்த டைரக்டர்கள் சமாதானமும் லாபமும்தான் கேட்டார்கள்.

பிடித்த சீமைகளின் நிலவரியைக் கொண்டே போரை நடத்திவிடலாம் என்பது டூப்ளே போட்ட கணக்கு. கணக்கு தவறிவிட்டது. செஞ்சிக்கும் திருச்சிக்கும் நடுவே படைகள் போவதும் வருவதுமாக இருந்தால், உழுகிறவன் எங்கே உழுவான்? அறுவடை இல்லாத ஊரில் வரி ஏது?

ஆகவே டூப்ளே தன் பெட்டியைத் திறந்தார். சொந்தப் பணத்தைப் போட்டார். அதுவும் போதவில்லை. தன் பெயரில் கடன் வாங்கிப் போட்டார். பல கப்பல்களில் பங்கு போட்டுப் பணக்காரர் ஆனவர், இப்போது முதல் முழுவதையும் ஒரே கப்பலில் ஏற்றிவிட்டார். அந்தக் கப்பலின் பெயர் திருச்சி.

1751-ல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரண் அடைந்தது. சந்தா சாகிப் தலை வெட்டப்பட்டது.

இனியாவது கையை இழுத்துக்கொண்டிருப்பார். ஆனால் விக்கிரவாண்டி குறுக்கே வந்தது! செஞ்சியைத் தாக்கப் போன ஆங்கிலப் படை, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள அந்த ஊரில் பிரெஞ்சுப் படையிடம் தோற்று ஓடியது. தொடர்ந்து தோற்பவனுக்கு நடுவில் ஒரு கை ஜெயித்தால் என்ன ஆகும்? டூப்ளேக்கும் அதுதான் ஆயிற்று. நம்பிக்கை திரும்பிவிட்டது. சில வாரங்களில் பாகூரில் அதே படை தோற்றது. அதன் தலைவர், டூப்ளேயின் உறவினர் கெர்ழான், ஆங்கிலேயரிடம் கைதியானார்.

அப்போதும் டூப்ளே விடவில்லை. 1753 கடைசியில் ஓர் இரவு, பிரெஞ்சுப் படை திருச்சிக் கோட்டை மதிலில் ஏறியது. ஏறியவர்களில் நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். 1754 ஜனவரியில் சதுரங்கப்பட்டினத்தில் சமாதானப் பேச்சு நடந்து முறிந்தது.

கம்பெனி பொறுமை இழந்தது. ஆகஸ்டில் கோதெ என்ற அதிகாரி கப்பலில் வந்து இறங்கினார். டூப்ளேயின் பதவி அன்றோடு முடிந்தது. செலவுக் கணக்கை நீட்டினார் டூப்ளே. அதைத் தீர்க்க கோதெ ஒப்பவில்லை.

பாக்கி

பாரிசில் வழக்குத் தொடுத்தார். கேட்ட தொகை சுமார் 1 கோடியே 30 லட்சம் லிவர். லிவர் என்பது அக்காலப் பிரெஞ்சு நாணயம். போர் நடத்தச் சொன்னது யார் என்று கம்பெனி கேட்டது. இழுபறியிலேயே ஆண்டுகள் ஓடின. 1756-ல் ழான் இறந்தார். கடன்காரர் தொல்லைக்கு நடுவே 1763 நவம்பரில் டூப்ளேயும் கண் மூடினார். வழக்குப் பணம் வரவே இல்லை.

அவருடைய துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை அதைப் பார்க்க இருக்கவில்லை. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற அவர் 1761 ஜனவரியில் காலமானார். அடுத்த சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஏப்ரலில் செஞ்சியும் போயிற்று.

1870-ல் புதுச்சேரியில் டூப்ளேக்குச் சிலை வைத்தார்கள். இன்று அது கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில் நிற்கிறது. அதே சாலையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமான கல்தூண்கள் நிற்கின்றன. அவை செஞ்சியிலிருந்து வந்தவை என்று சொல்வார்கள்.