தம்பி நாயுடு

தென்னாப்பிரிக்க இந்தியரின் மானங்காக்க அறப்போர் புரிந்தோருள் தம்பி நாயுடு தலைசிறந்தவர். 1875-ஆம் ஆண்டு மொரீசியசுத் தீவில் பிறந்த இத்தமிழர், ஜோகனஸ்பர்க் நகரில் வாழ்ந்தார். இயல்பிலேயே கடுஞ்சினம் உடையவர். எனினும் அச்சினத்தை அடக்கிப் பன்முறை சிறை புகுந்தார். 1908-இல் சிலர் காந்தியடிகளைத் தடிகொண்டு தாக்கியபோது, குறுக்கே புகுந்து தாமும் அடியேற்றார்.

ஒப்பந்தக் காலம் முடிந்தும் நேட்டாலில் தங்கிய கூலியாட்கள் ஆண்டுதோறும் 3 பவுன் வரி இறுக்க வேண்டியிருந்தது. 1913-இல் அதனை எதிர்த்து, நாயுடுவும் அவர்தம் துணைவியார் வீரம்மாளும் பெண்டிர் சிலருடன் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு அழைத்தனர். கருவுற்றிருந்த வீரம்மாளும் கடுங்காவல் தண்டனை ஏற்றார். 1914-இல் அவ்வரி ஒழிந்தது. 1933-இல் நாயுடு மறைந்தார்.

பிறர் துயர் துடைக்கத் தம் துயர் பொறுப்பதே உண்மை வீரம் என்பதை இவ்விருவர் வாழ்வும் உணர்த்தும்.