வண்ணம் பூசாத முகங்கள்

குட்டீஸ், ஒரு மரப் பொம்மையைச் செதுக்கி முடித்துவிட்டீர்கள். அடுத்து என்ன செய்வீர்கள்? பெயின்ட் அடிப்பீர்கள்தானே? 500 ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியிலும் அப்படித்தான். தேவாலயத்தில் வைக்கும் மரச் சிற்பத்துக்கு வண்ணம் பூசி, தங்க ரேக் ஒட்டினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். மரத்தை மரமாகவே விடலாம் என்று துணிந்த சிற்பிகளில் முக்கியமானவர், டில்மன் ரீமென்ஷ்னைடர்.

1460-ம் ஆண்டு வாக்கில் பிறந்தவர் இவர். 1483-ல் வூர்ட்ஸ்பர்க் நகரத்துக்கு வேலை தேடி வந்தார். இரண்டே ஆண்டுகளில் சொந்தப் பட்டறை வைத்துவிட்டார்! கல்லிலும் செதுக்குவார். ஆனால், அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது லிண்டன் என்ற மரம்தான். மென்மையான மரம் அது. நெற்றிச் சுருக்கம், கை நரம்பு, சுருண்ட தலைமுடி என்று எதை வேண்டுமானாலும் அதில் கொண்டுவரலாம். ஒரே தொல்லை, காயும்போது வெடித்துவிடும். அதனால் சிலையின் முதுகுப் பக்கத்தைக் குடைந்துவிடுவார்கள். முன்னால் பார்த்தால் முழு மனிதர். பின்னால் போய்ப் பார்த்தால் வெறும் ஓடு!

1492-ல் முனர்ஸ்டாட் என்ற ஊருக்கு வண்ணமே இல்லாத பீடச் சிற்பங்களைச் செய்து கொடுத்தார். ஊர்க்காரர்களுக்குத் திருப்தி இல்லை போலிருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து, ஃபைட் ஷ்டோஸ் என்ற இன்னொரு புகழ்பெற்ற சிற்பியை அழைத்து வண்ணம் பூசிவிட்டார்கள். பாவம் ரீமென்ஷ்னைடர்!

அதற்காக அவர் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. ரோத்தன்பர்க் தேவாலயத்தில் அவர் செதுக்கிய இயேசுவின் கடைசி விருந்துக் காட்சியைப் பாருங்கள். சிற்பங்களுக்குப் பின்னால் சின்னச் சின்னக் கண்ணாடி ஜன்னல்கள் உண்டு. வெளிச்சம் நகர நகர, முகங்களில் நிழலும் நகரும். பெயின்ட் செய்ய வேண்டிய வேலையை வெயில் செய்கிறது! காட்டிக்கொடுத்த யூதாஸ் ஓரத்தில் ஒளிந்திருக்கவில்லை. பணப்பையோடு நடுவில் நிற்கிறான். அந்த உருவத்தை மட்டும் தனியாகக் கழற்றி எடுக்கவும் முடியும்.

ரீமென்ஷ்னைடருக்குச் செல்வாக்கும் வளர்ந்தது. 1520-ல் நகர மேயர் ஆனார். ஐந்தே ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. 1525-ல், வரிச்சுமை தாங்காத விவசாயிகள் கிளர்ந்து எழுந்தார்கள். வூர்ட்ஸ்பர்க்கை ஆண்டவர் ஒரு பிஷப். விவசாயிகளை எதிர்த்துப் போரிட வரும்படி நகர மக்களை அழைத்தார். ரீமென்ஷ்னைடர் இருந்த நகர சபை மறுத்துவிட்டது. விவசாயிகள் தோற்றார்கள். சபையினர் மாட்டிக்கொண்டார்கள்.

மைன் ஆற்றங்கரைக் குன்றின் மேல் மாரியன்பெர்க் கோட்டை இருக்கிறது. அங்கே அறுபது வயதைத் தாண்டிய ரீமென்ஷ்னைடரை அடைத்து, சித்திரவதை செய்தார்கள். சுமார் இரண்டு மாதம் கழித்து விடுதலை. சொத்திலும் ஒரு பகுதி பறிபோனது. அவருடைய கைகளை உடைத்துவிட்டார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால், அதற்குப் பிறகு பெரிய சிற்ப வேலை எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

1531-ல் இறந்தார். ஊரும் அவரை மறந்துபோனது. 1822-ல் மண்ணுக்குள்ளிருந்து அவருடைய கல்லறைக் கல் கிடைத்தது. அப்புறம்தான் இந்தச் சிற்பங்களைச் செய்தவர் யார் என்று தேட ஆரம்பித்தார்கள்.

பின்னாளில் வூர்ட்ஸ்பர்க்கில் ஓர் அருங்காட்சியகத்தில் அவருடைய சிற்பங்களைச் சேர்த்து வைத்தார்கள். உலகிலேயே மிகப் பெரிய தொகுப்பு அது. எந்த இடத்தில் தெரியுமா? அவரை அடைத்து வைத்த அதே மாரியன்பெர்க் கோட்டையில்!